இந்தோனேசியக் கிராமமொன்றில் சில மாதம் தங்கவும், பின் அங்கேயே குடியேறவும் முடியுமா?

நீங்களும் உங்கள் மனைவியும் நாற்பதுகளில் இருப்பவர்கள். இருவருடைய வேலையும் கணினி இருந்தால் எங்கிருந்தும் செய்யக்கூடியது. மத்திய ஜாவாவிலோ ஃபுளோரஸ் தீவிலோ ஒரு கிராமத்தில் ஆறு மாதம் தங்கிப் பார்த்து, மனத்துக்குப் பிடித்துவிட்டால் சிறிது நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர், எவ்வளவு செலவு, சைவ உணவு கிடைக்குமா, ஊரார் ஏற்றுக்கொள்வார்களா என்பவற்றையும் அதனோடு சேர்த்திருக்கிறீர்கள். போகிறபோக்கில் கடைசியாகக் கேட்ட அந்த ‘ஏற்றுக்கொள்வார்களா’ என்பதைத்தான் நான் முதல் கேள்வியாகக் கருதுகிறேன். மற்றவை பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தவை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தங்கலாம், நன்றாகவே தங்கலாம், ஆனால் ஊரில் யாரேனும் ஒருவருடைய பொறுப்பில் இருக்கும் விருந்தினராகத் தொடங்க வேண்டும், நிலம் வாங்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிட வேண்டும்.

நான் ஊரகப் பாசனம், வேளாண்மை சார்ந்த திட்டங்களில் பணிபுரிந்து, ஜாவாவின் நடுப்பகுதியிலுள்ள யோக்யகர்த்தாவைச் சுற்றியுள்ள ஊர்களிலும், பின்னர் ஃபுளோரஸின் மேற்குப் பகுதியான மங்காராயிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவன். பப்புவாவிலோ களிமந்தானின் உட்பகுதியிலோ எனக்குப் பழக்கமில்லை. ஆகவே இங்கே சொல்வதை இந்தோனேசியா முழுமைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம். வழக்கறிஞனும் அல்லன். சட்டம் வருமிடங்களில், ஏட்டில் இருப்பது எது, நடைமுறையில் காண்பது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

நிலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்நாட்டு நில உரிமைக்கெல்லாம் அடிப்படை 1960ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம். அதன்படி ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே உரியது. வெளிநாட்டவர் ஒருவருக்கு வாரிசு வழியில் அப்படிப்பட்ட நிலம் வந்து சேர்ந்தாலும், ஓராண்டுக்குள் அவர் அதைக் கைவிட்டாக வேண்டும். இதைச் சுற்றிப் போக ஒரு வழி உண்டு என்று உங்களிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள்: நம்பகமான உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிக்கொண்டு அவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வது. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு முழு உரிமையைச் சேர்க்கும் ஏற்பாடு எதுவும் செல்லாது, நிலம் அரசைச் சேரும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது என்கிறது. பாலியில் இவ்வாறு வாங்கியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் சிக்கலின்றி இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த நிம்மதி, பத்திரத்தில் பெயருள்ளவர் உயிரோடும் நல்லெண்ணத்தோடும் இருக்கும் வரைக்குமானது. அவர் மறைந்து பிள்ளைகள் பாகம் பிரிக்க உட்காரும் நாளில் உங்கள் தனி ஒப்பந்தத்துக்கு எந்த வலுவும் இராது.

வெளிநாட்டவருக்கென்று சட்டம் அனுமதிப்பது ‘ஹக் பாக்காய்’ என்னும் பயன்பாட்டு உரிமை. 2021ஆம் ஆண்டின் அரசாணை ஒன்றின்படி இது முதலில் 30 ஆண்டு, நீட்டிப்பில் 20 ஆண்டு, புதுப்பிப்பில் மேலும் 30 ஆண்டு கிடைக்கக்கூடியது. எனினும் அதைப் பெறுவதற்கு உரிய குடிவரவு ஆவணம் வேண்டும். வீட்டுக்கு மாகாணந்தோறும் ஒரு குறைந்தபட்ச விலையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த விலைகள் நகரத்துச் செல்வர்களின் வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நெல்வயல் ஓரத்தில் நீங்கள் காணும் ஓட்டுவீடு அந்தக் கணக்குக்குள் வராது. இவற்றுக்கு மேல், கிராமத்து நிலங்களுக்கே உரிய குழப்பங்கள் இருக்கின்றன. பல நிலங்களுக்கு உரிமைச் சான்றிதழே கிடையாது; ‘கிரிக்’, ‘லெட்டர் சே’ எனப்படும் பழைய வரிப் பதிவுகள் மட்டுமே கையில் இருக்கும், அவை உரிமைப் பத்திரம் ஆகா. ஜாவாவில் ‘தானா காஸ் டெசா’ எனப்படும் கிராமப் பொது நிலத்தை யாராலும் விற்க முடியாது. யோக்யகர்த்தாவில் அதைக் குத்தகைக்கு எடுப்பதற்கே ஆளுநரின் அனுமதி தேவை. ஃபுளோரஸிலும் பக்கத்துத் தீவான சும்பாவிலும் நிலம் குலத்துக்குச் சொந்தமானது. ஒருவர் கையொப்பமிட்டு விற்றுவிட்ட பிறகு அவருடைய பெரியப்பா மகன்கள் வந்து நிற்பது அங்கே வழக்கமான காட்சி.

எனவே வாடகை. ‘கொந்த்ராக்’ என்று சொல்லி ஓராண்டு வாடகையை முன்பணமாக மொத்தமாகக் கொடுத்துவிடுவது அங்குள்ள முறை. மாதவாடகை பெரும்பாலும் மாணவர் அறைகளுக்குத்தான். ஆறு மாதத்துக்கும் பேசிப் பார்க்கலாம். தொகை சிறியதானாலும் எழுத்தில் வாங்குங்கள்: 10,000 ரூபியா மதிப்புள்ள ‘மெத்தராய்’ முத்திரைத் தலையை ஒட்டி, அதன்மேல் படும்படி இருவரும் கையொப்பமிட்டு, அக்கம்பக்கத்தார் ஒருவரைச் சாட்சியாக வைத்துக்கொள்வது வழக்கம். கூரை ஒழுகினால் யார் செலவு, மின் இணைப்பின் அளவைக் கூட்டினால் யார் செலவு என்பவற்றை அதிலேயே எழுதிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேட்டால், முகம் முறிய மறுக்கவும் மாட்டார், செய்யவும் மாட்டார்.

விசா பற்றிச் சொல்வது இன்றைய நிலை. 2023 இறுதியில் வகைகளின் பெயர்களையே மாற்றினார்கள், ஆகவே கிளம்புமுன் குடிவரவுத் துறையின் மின்விசாத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இறங்குமிட விசா உண்டு. 500,000 ரூபியா, 30 நாள், ஒருமுறை மட்டும் இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். ஆறு மாதத்துக்கு அது போதாது. முன்னதாகவே விண்ணப்பித்து 60 நாள் வருகை விசா எடுத்துக்கொண்டால், நீட்டித்து நீட்டித்து 180 நாள் வரை இருக்கலாம். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே ஈ33ஜி என்னும் ஓராண்டுத் தங்குவிசா இப்போது இருக்கிறது; ஆண்டு வருமானம் குறைந்தது 60,000 அமெரிக்க டாலர் என்று காட்ட வேண்டும். ஓய்வுக்கால விசாவுக்குக் குறைந்தது 55 வயதாவது ஆக வேண்டும், அது உங்களுக்கு இன்னும் தொலைவு. முதலீட்டாளராக நிறுவனம் தொடங்கும் வழிக்கு 1,000 கோடி ரூபியா முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டியிருக்கும். ஒரு கிராமத்து வீட்டுக்காக அதில் இறங்குவது பொருத்தமற்றது.

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு மடிக்கணினியில் உங்கள் ஊர் வேலையைச் செய்யலாமா என்பதற்கு உறுதியான விடை என்னிடம் இல்லை. செய்பவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சட்டம் அதைத் தெளிவாக அனுமதித்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஈ33ஜிக்குத் தகுதி இருந்தால் அதையே எடுங்கள் என்பேன், ஏனெனில் பாலியின் சுற்றுலாக் கூட்டத்தில் நீங்கள் ஆயிரத்தில் ஒருவர், கிராமத்திலோ நீங்கள் இருவர் மட்டும்தான் வெளிநாட்டவர். உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. உள்ளூரில் எந்த வேலையும், சம்பளம் வாங்காமல் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தாலும்கூட, உரிய அனுமதியின்றிச் செய்தால் தங்குரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கொள்ளப்படலாம். 2011ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் இதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50 கோடி ரூபியா வரை தண்டமும் எழுதப்பட்டிருக்கின்றன. ஊரார் அன்போடு அழைத்தாலும், தலைமையாசிரியரே வந்து கேட்டாலும் இதுதான் நிலை. இரண்டாவது, விசாக் காலம் தாண்டினால் நாளொன்றுக்கு 10 இலட்சம் ரூபியா தண்டம். 60 நாளைக் கடந்துவிட்டால் நாடுகடத்தலும் மறுநுழைவுத் தடையும்.

இனி, நான் முதலாவதாகக் கருதிய ‘ஏற்றுக்கொள்வார்களா’ என்னும் கேள்விக்கு வருகிறேன். இந்தோனேசியாவில் சுமார் 75,000 ‘டெசா’க்கள், அதாவது கிராமங்கள், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் உண்டு. 2014ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசின் நிதி நேராகக் கிராமத்துக்கே வருவதால் அந்தப் பதவிக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால் உங்கள் அன்றாடத்தைத் தீர்மானிப்பவர் அவர் அல்லர். சில பத்து வீடுகள் சேர்ந்த அண்டைவீட்டார் குழுவுக்கு ‘எர்டே’ என்று பெயர். அதன் தலைவரை எல்லோரும் ‘பாக் எர்டே’ என்று அழைப்பார்கள். ஜப்பானியர் ஆண்ட காலத்தில், 1944இல், மக்களைக் கண்காணிக்கவும் பங்கீட்டுப் பொருள் கொடுக்கவும் ஜாவாவில் கொண்டுவந்த அமைப்பு இது. ஆண்டவர்கள் போன பிறகும் தங்கிவிட்டது. பாக் எர்டே பெரும்பாலும் உழவராகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, தச்சராகவோ இருப்பார். சொல்லிக்கொள்ளும்படியான ஊதியம் இல்லை. யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு.

ஜாவாவில் தெருமுனைகளில் ஓர் அறிவிப்புப் பலகையைப் பார்ப்பீர்கள்: 24 மணி நேரத்துக்கு மேல் தங்கும் விருந்தினர் தெரிவித்தாக வேண்டும். அதை அலங்காரப் பலகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்த அன்றே, வீட்டுக்காரரை உடன் அழைத்துக்கொண்டு பாக் எர்டே வீட்டுக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகலோடு திருமணச் சான்றிதழின் நகலையும் கொண்டு செல்லுங்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தங்கினால் மணமானவர்களா என்று கேட்பது அங்கே அநாகரிகம் ஆகாது. காவல் துறையிலிருந்து ஒருவரும் இராணுவத்திலிருந்து ஒருவரும் கிராமத்துக்கெனப் பொறுப்பு வகிப்பார்கள். அவர்களும் ஒருநாள் வந்து தேநீர் குடித்துவிட்டு உங்கள் கடவுச்சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போகலாம். அதில் மிரட்டல் இல்லை. உங்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் கேள்வி கேட்கப்படப் போகிறவர் வீடு கொடுத்தவரும் பாக் எர்டேயும்தான். ஒருவருடைய பொறுப்பில் இருக்கும் விருந்தினர் என்று மேலே சொன்னது இந்தப் பொருளில்தான்.

அறிமுகம் முடிந்த பிறகு கடமைகள் தொடங்குகின்றன. இந்த இடத்தில்தான் வெளியிலிருந்து வருபவர்களில் பலர் தங்களை அறியாமலேயே விலகிப் போகிறார்கள். ஞாயிறு காலையில் வாய்க்காலைத் தூர்வாரவோ, இடுகாட்டுப் பாதையைச் செதுக்கவோ ஊர் கூடும். அதற்குக் ‘கெர்ஜா பக்தி’ என்று பெயர். உங்களை யாரும் அழைக்க மாட்டார்கள். முந்தைய இரவு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதே அழைப்பு. மண்வெட்டி பிடிக்கத் தெரியாவிட்டால் தேநீரும் வறுத்த தின்பண்டமும் வாங்கிக்கொண்டு போய் நிற்கலாம். பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொள்வது அதற்கு ஈடாகாது. இரவில் ஆண்கள் முறைவைத்துக் காவல் சுற்றுவது ‘ரோண்டா’. பல ஊர்களில் ஒவ்வொரு வீட்டு முன்புறத்திலும் சின்னஞ்சிறு குவளை ஒன்று தொங்கும். வீட்டார் அதில் ஒரு பிடி அரிசியோ சில நூறு ரூபியா நாணயமோ போட்டுவைக்க, ரோண்டா சுற்றுபவர்கள் அதைத் திரட்டி ஊர்ப் பொதுச் செலவுக்குச் சேர்ப்பார்கள். ‘ஜிம்பித்தான்’ என்னும் அந்தக் குவளையை உங்கள் வீட்டு வாசலிலும் முதல் வாரமே மாட்டிவிடுங்கள். தொகை அற்பம், ஆனால் குவளை இல்லாத வீடு இருட்டிலும் எல்லோர் கண்ணிலும் படும்.

பெண்களுக்கு ‘அரிசான்’ உண்டு. நம்மூர்க் குலுக்கல் சீட்டைப் போன்றது, பணத்தைக் காட்டிலும் கூடிப் பேசுவதற்காக நடப்பது. உங்கள் மனைவி அதில் சேர்ந்தால், மொழி தட்டுத்தடுமாறினாலும், ஊர்ச் செய்தி உங்களைவிட அவருக்குத்தான் முதலில் வந்து சேரும். கல்யாண வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் முன்கூட்டியே போய்ச் சமையலுக்கு உதவுவார்கள். உறையில் வைத்துக் கொடுக்கும் மொய்யைக் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்வதும் உண்டு. இஸ்லாமிய ஆண்டின் கடைசி மாதமான ‘பெசார்’ வந்துவிட்டால் அழைப்பிதழ்கள் அடுத்தடுத்து வரும். அடுத்த மாதமான ‘சூரோ’வில் ஜாவானியர் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் எல்லாம் அதற்குள் நெருக்கிப் போடப்படும். அந்த மாதச் செலவை உங்கள் கணக்கில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றிலும் தவறவிடக் கூடாதது சாவு. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லப்பட்டவுடன் ஊரார் வேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக்குப் போவார்கள்; முஸ்லிம் குடும்பமானால் அடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். முன்பின் தெரியாதவரானாலும் நீங்கள் போய், நாற்காலி ஒன்றில் பேசாமல் அமர்ந்துவிட்டு வரலாம். பிறகு 7ஆம், 40ஆம், 100ஆம், 1,000ஆம் நாள்களில் இறந்தவருக்காக ‘தஹ்லிலான்’ என்னும் வேண்டுதல் ஓதுவார்கள். வேற்று மதத்தவர் என்பது அங்கே போய் உட்காரத் தடையாவதை நான் பார்த்த ஊர்களில் கண்டதில்லை, ஆனால் இறுக்கமான சமயப் போக்குடைய ஊர்களும் இருக்கின்றன, அங்கே இந்தச் சடங்கே நடக்காது. மத்திய ஜாவாவில் ஒரு கிராமத்தில் வெளிநாட்டவரை ஊர் தன்னவராக எண்ணத் தொடங்குவது பெரும்பாலும் இப்படியொரு சாவு வீட்டில்தான் என்பது என் அனுபவம்.

பதிலுக்கு நீங்கள் இழப்பது தனிமை. எங்கே போகிறீர்கள், குளித்தாயிற்றா, ஏன் குழந்தை இல்லை, வாடகை எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கே என்ற கேள்விக்கு ‘இதோ, இப்படி’ என்று கையைக் காட்டினால் போதும், விவரம் எதிர்பார்க்கப்படுவதில்லை. உங்கள் மதம் என்ன என்பதும் இயல்பான கேள்வி. அந்நாட்டு அடையாள அட்டையிலேயே மதத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. இந்து என்றால் பாலிக்காரர்களைப் போலவா என்பார்கள். பாண்டவர்களை நிழற்பாவைக் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்கள், 2014இல் இந்தியத் தொலைக்காட்சி மகாபாரதம் அங்கே ஒளிபரப்பானபோது அதைத் தவறாமல் பார்த்தவர்கள், ஆகையால் பேச்சு அர்ஜுனனில் தொடங்கி நெடுநேரம் போகும். கடவுள் நம்பிக்கையே இல்லை என்றால் அதைச் சொல்லாமல் தவிர்ப்பது நல்லது, புரியாமையே மிஞ்சும். அதிகாலைத் தொழுகை அழைப்பு நாலரை மணியளவில் ஒலிக்கும், ரமலான் மாதத்தில் அதற்கும் முன்பே சிறுவர்கள் பறை கொட்டிச் செல்வார்கள். அதைக் குறித்து முறையிடும் உரிமை விருந்தினருக்கு இல்லை. ஒலி தாங்காதவர் என்றால் வீடு பார்க்கும்போதே ஒலிபெருக்கி எந்தத் திசையில் நோக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரஸ் வேறு உலகம். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆனால் நிலம், வீடு, விருந்து எல்லாவற்றிலும் மூதாதையர் வழக்கமே முந்தி நிற்கும். கூம்பு வடிவ வீடுகள் ஏழு கொண்ட வாயே ரெபோவுக்கு மலையேறிப் போகிறவர்கள், முதலில் தலைமை வீட்டுக்குள் சென்று பெரியவர் மூதாதையரிடம் விருந்தினரின் வரவைத் தெரிவிக்கும் சடங்கு முடிந்த பிறகே படம் எடுக்கலாம். சும்பாவில் வெற்றிலை பாக்கு நீட்டுவதே வரவேற்பு. மெல்லாவிட்டாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாக, விருந்தினரே வேண்டாம் என்று தீர்மானித்த ஊர்களும் உண்டு: பாந்தென் மாகாணத்து உள் பாடுய் மக்களின் மூன்று கிராமங்களுக்குள் வெளிநாட்டவர் போகவே கூடாது. அந்தத் தடையை மீறிப் போய்வந்ததாக இணையத்தில் பெருமை பேசுபவர்களைப் பின்பற்ற வேண்டாம்.

பாலியை நீங்கள் கேட்கவில்லை. சரியாகவே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே சுற்றுலாவின் பிடியில் இல்லாத கிராமம் தேடுவது கடினம், வாடகையும் அதற்கேற்ப.

எந்த ஊர் என்பதற்குப் பெயர் சொல்லிப் பரிந்துரைப்பதைவிட, ஊரை எப்படி அடைவது என்று சொல்கிறேன். ‘டெசா விசாத்தா’ எனப்படும் சுற்றுலாக் கிராமங்களில் குடும்பங்களே வீட்டில் அறை கொடுத்து உணவும் தருகின்றன. யோக்யகர்த்தாவுக்கு அருகில் பெந்திங்சாரி, பழைய எரிமலைப் பாறைகளின் அடியில் இருக்கும் ங்லாங்கெரான் ஆகியவை நன்கு நடப்பவை, பின்னதை ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2021இல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுள் ஒன்றாக அறிவித்தது. அங்கே ஓரிரு வாரம் இருந்து கொஞ்சம் இந்தோனேசிய மொழி பேசிப் பழகுங்கள். விருந்தளித்த குடும்பத்துக்கு வேறு ஊர்களில் உறவினர் இருப்பார்கள். காலியான வீடும் இருக்கும், ஏனெனில் இளையவர்கள் ஜகார்த்தாவுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். அந்த உறவின் வழியாக வந்தவர் என்றால் பாக் எர்டே கேட்கும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும். இணையத்தில் வீடு பார்த்துப் பணம் அனுப்பிவிட்டுப் போய் இறங்குவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டில் பார்க்க வேண்டியவற்றில் மின்சாரம் முதன்மையானது. கிராமத்து வீடுகளில் 450 அல்லது 900 வோல்ட்-ஆம்பியர் இணைப்பே பெரும்பாலும் இருக்கும். நீரேற்றியும் இஸ்திரிப்பெட்டியும் ஒரே நேரத்தில் ஓடினால் இணைப்பு விழுந்துவிடும். முன்பணக் கணக்கி என்றால் 20 இலக்க எண்ணை வாங்கி அழுத்த வேண்டும். தீரப்போகும்போது அது கத்துவது தெருவுக்கே கேட்கும். கைப்பேசிக்கு டெல்கொம்செல் நிறுவனத்தின் அலைவரிசைதான் மலையூர்களிலும் எட்டுகிறது. 2024 மே முதல் செயற்கைக்கோள் வழி இணையமான ஸ்டார்லிங்க்கும் கிடைக்கிறது. வெளிநாட்டுக் கைப்பேசியில் உள்ளூர் சிம் போட்டு 90 நாளுக்கு மேல் பயன்படுத்த வேண்டுமானால், வந்திறங்கும்போதே சுங்கத்தில் அதன் அடையாள எண்ணைப் பதிவு செய்யுங்கள். பிறகு செய்வது பெரிய அலைச்சல். பச்சை நிற 3 கிலோ எரிவாயு உருளை ஏழைகளுக்கான மானியப் பொருள். கடைக்காரர் கொடுத்தாலும் நீங்கள் வாங்காமல் இருப்பதே முறை.

சைவ உணவைப் பற்றி நீங்கள் அஞ்சுவது பாதி சரி. சோயாவில் செய்யும் தெம்பேயும் தாஹுவும் ஜாவாவின் அன்றாட உணவு. வேர்க்கடலைச் சாறு ஊற்றிய பெசெல், தேங்காய்ப்பாலில் வேகும் லோடே ஆகியவை ‘வாருங்’ எனப்படும் எந்தச் சிறு உணவுக்கடையிலும் கிடைக்கும். சிக்கல் கண்ணுக்குத் தெரியாததில் இருக்கிறது: மிளகாய்த் துவையலான சம்பாலில் தெராசி என்னும் இறால் விழுது, அப்பளம் போன்ற கெருபுக்கில் இறால் அல்லது மீன், காய்கறிக் குழம்பில் கோழிச்சாறு. இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால் கோழியையும் மீனையும் வைத்துவிடுவார்கள், ஏனெனில் அந்தச் சொல் அவர்களுக்கு மாட்டிறைச்சியையே முதலில் குறிக்கும். கோழி, மீன், இறால், தெராசி என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். சொந்தச் சமையல் என்றால் கவலை இல்லை. ஆனால் கிராமத்துச் சந்தை பல இடங்களில் ஜாவானிய ஐந்து நாள் கணக்குப்படி கூடும், உங்கள் ஊருக்கு அது அந்த ஐந்தில் ‘போன்’ என்னும் நாளா, ‘லெகி’ என்னும் நாளா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபுளோரஸில் விருந்து என்றால் கோழியோ பன்றியோதான். சைவம் என்பதை அழைப்பு வரும்போதே சொல்லிவிடாவிட்டால் உங்களுக்காக ஒன்று அறுக்கப்பட்டிருக்கும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு வட்டாரத்திலும் ‘புஸ்கெஸ்மாஸ்’ என்னும் அரசு நலவாழ்வு நிலையம் உண்டு. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் போதும், நெஞ்சுவலிக்குப் போதாது. யோக்யகர்த்தாவைச் சுற்றி இருந்தால் பெரிய மருத்துவமனை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள். மங்காராய் மலையில் இருந்தால் கதை வேறு, அவசர இடமாற்றத்தை உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் அங்கே போகக் கூடாது. ஜாவாவில் டெங்கு; ஃபுளோரஸிலும் சும்பாவிலும் அதனோடு மலேரியா. 1997 முதல் ஃபுளோரஸிலும் 2008 முதல் பாலியிலும் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. தடுப்பூசி முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். எரிமலைச் சரிவில் வீடு என்றால் அதற்கான நான்கு எச்சரிக்கை நிலைகளையும், ஊர் எந்தப் பாதையில் இறங்கும் என்பதையும் பாக் எர்டேயிடம் கேட்டுவையுங்கள். நிலநடுக்கத்தில் கொல்வது பெரும்பாலும் சுவர். 2006 மே 27 அன்று யோக்யகர்த்தாவின் தெற்கே 5,700க்கும் மேற்பட்டோர் இறந்தது கம்பி வைக்காத செங்கல் வீடுகள் சரிந்ததால்தான். பழைய மரவீடு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவுக்கு ஒரு தொகை சொல்ல நான் தயங்குகிறேன். அது ஊரைவிட உங்கள் பழக்கங்களைப் பொறுத்தது. ஓர் அளவுகோல் மட்டும் தருகிறேன்: யோக்யகர்த்தா மாகாணத்தின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2024இல் 21 இலட்சம் ரூபியாவைச் சற்றே தாண்டியது, நம் பணத்தில் சுமார் 11,000 ரூபாய். உழவர் பலருக்கு அதுவும் இல்லை. அதனால் கடன் கேட்டு வருவார்கள். இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதும், கேட்ட தொகையை அப்படியே கொடுப்பதும் இரண்டுமே உறவைக் கெடுக்கும். திரும்பி வராவிட்டால் வருந்தாத ஒரு சிறு தொகையைக் கொடுப்பதே அங்குள்ள வசதியானவர்களும் செய்வது.

கடைசியாக, முதல் பயணத்தை எப்போது வைப்பது. சுற்றுலாக் கையேடுகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்று சொல்லும். வீடு பார்க்கிறவர்களுக்கு அது தவறான காலம், எல்லா ஊரும் அப்போது அழகாக இருக்கும். மலைச்சரிவு ஊர்களுக்கு ஜனவரியில் போங்கள். பாதை சேறாவதும், கூரை ஒழுகுவதும், கொசு பெருகுவதும் அப்போதுதான் தெரியும். யோக்யகர்த்தா மாகாணத்துக் குனுங்கிடூலின் தெற்கில் உள்ள சுண்ணாம்புக்கல் ஊர்களுக்கோ செப்டம்பரில். தொட்டிகள் வற்றி, ஊரார் லாரித் தண்ணீர் வாங்குவது அந்த மாதங்களில்தான். இறங்குமிட விசாவின் 30 நாள் இந்தப் பயணத்துக்குப் போதும். ஆறு மாத விசாவுக்கு அது முடிந்து ஊர் திரும்பிய பிறகு விண்ணப்பித்துக்கொள்ளலாம்.